கொறற்றியின் மெக்கும் பதினொரு மனுக்களும்

மரிய கொறற்றி கொம்பியூட்டரை மாற்றுவதா வேண்டாமா என்று யோசிக்கத் தொடங்கியது 2008 மார்ச்சில். முடிவெடுத்தது ஜூனில். இடையில் மூன்று மாதம் அந்த யோசனையை அவள் மட்டும் சுமக்கவில்லை, என் தலையிலும் கொஞ்சம் ஏற்றி வைத்தாள். எனக்குக் கத்தோலிக்கக் கோயிலின் பங்கு அலுவலகத்தில் எழுத்தர் வேலை. ஞாயிறு மடலை அச்சுக்குத் தயார் செய்வதற்காக வியாழக்கிழமைதோறும் அவளுடைய மாடிக்கு ஏற வேண்டும். இருபத்தொரு படி. மேலே போய் மூச்சு வாங்குவதற்குள், "ஒஸ்வல்ட் அண்ணே, மாத்தவா, வேணாமா?" என்று கேட்டுவிடுவாள். எனக்கு எரிச்சலாக வரும். மாற்று, இல்லாவிட்டால் விடு. எனக்கு மடல் சனிக்கிழமைக்குள் கையில் வேண்டும், அவ்வளவுதான்.

மாத்தளை டவுனில், மிளகும் கராம்பும் மொத்தமாக வாங்கும் கடை ஒன்றுக்கு மேலே அவளுடைய அறை. ஒரு மேசை, இரண்டு கதிரை, ஒரு பிரின்டர், சுவரில் திரு இருதயப் படம். வாசலில் 'கொறற்றி டைப்செட்டிங்' என்று ஒரு பலகை. பெயர்ப்பலகையின் கீழ்ப்பாதியில் சிங்களத்தில் எழுத இடம் விட்டிருந்தாள். பதினான்கு வருடமாக அந்த இடம் அப்படியே வெறுமனே இருந்தது. அவளுக்குச் சிங்களம் நன்றாகப் பேச வரும், எழுதத்தான் வராது.

அவள் ரத்தோட்டைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவள். டவுனுக்கு வந்து டைப்ரைட்டிங் படித்து, ஒரு வக்கீலின் ஒபிசில் காணி உறுதி அடிக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். எண்பத்து மூன்று கலவரத்தில் அந்த ஒபிசும் அவளுடைய டைப்ரைட்டரும் ஒன்றாக எரிந்தன. அதைப்பற்றி அவள் பேச மாட்டாள். கேட்டால், "எரிஞ்சிச்சு. பொறகு வேற வேல தேடுனேன்" என்பாள். கல்யாணம் கைகூடவில்லை. தாயைக் கடைசி வரைக்கும் பார்த்துக்கொண்டாள். தொண்ணூற்று நாலில் கொழும்பில் மூடப்பட்ட ஓர் அச்சகத்திலிருந்து பழைய மெக்கின்டோஷ் ஒன்று அவள் கைக்கு வந்தது. அன்றிலிருந்து டவுனில் தமிழில் அச்சாகும் கல்யாணக் கார்ட், மரண அறிவித்தல், தேர்த் திருவிழா நோட்டீஸ், பள்ளிவாசல் அறிவிப்பு எல்லாம் அந்த மேசையைத் தாண்டித்தான் போயின. காலையில் மெக் ஒரு சத்தம் கொடுத்துக்கொண்டு விழிக்கும். கொறற்றி சிலுவை போட்டுக்கொள்வாள். வேலை தொடங்கும்.

அந்த மார்ச்சில் இடி விழுந்த ஒரு பின்னேரத்துக்குப் பிறகு மெக்கின் திரை இரண்டு பக்கமும் ஒடுங்கிப்போனது. எழுத்தெல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு நடுவில் நின்றது. திருத்துவதற்கு ஊரில் ஆளில்லை. கண்டியில் ஒருவர் இருந்தார், அவரும் கனடாவுக்குப் போய்விட்டார். அதோடு அச்சகக்காரரும் முறுக்கிக்கொண்டார்கள். நீங்கள் தரும் டிஸ்க்கை எங்கள் மெசினில் போட முடியவில்லை, எல்லாரும் விண்டோஸுக்குப் போய்விட்டார்கள், நீங்களும் மாறுங்கள் என்று.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் கொம்பியூட்டர் கடை வைத்திருந்த ஸஹாப்தீன் நல்ல பிள்ளை. அவரே படியேறி வந்து மெக்கைச் சுற்றிப் பார்த்தார்.

"அக்கா, இதுக்கு வயசு போயிட்டு. நான் உங்களுக்கு நல்ல பி.சி. ஒன்னு போட்டுத் தாறேன். பென் ட்ரைவ் போடலாம், நெட் எடுக்கலாம்."

"எனக்கு நெட் எதுக்கு? உள்ள இருக்கிறது எல்லாம் அதுக்கு மாறுமா?"

ஸஹாப்தீன் ஒரு டிஸ்க்கைக் கொண்டுபோய், எங்கோ கொடுத்து, எப்படியோ திறந்து, ஒரு தாள் அடித்துக்கொண்டு வந்தார். தாள் முழுக்கக் கேள்விக்குறியும் கொம்பும் சுழியும் டாலர் அடையாளமும். அதில் தமிழென்று ஒரு எழுத்துக்கூட இல்லை. இரண்டு இயந்திரத்துக்கும் எழுத்துரு வேறு, விசைகளின் இடமும் வேறு. பழையது எதுவும் புதியதுக்கு வராது, வேண்டுமென்றால் எல்லாவற்றையும் முதலிலிருந்து அடிக்க வேண்டும் என்று அவர் தலையைச் சொறிந்தார்.

கொறற்றி அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "பதினாலு வருசம் அண்ணே" என்று என்னிடம் சொன்னாள். ஐம்பத்திரண்டு வயது. வலது கைப் பெருவிரல் மூட்டில் வீக்கம், கண்ணில் புரை தொடங்கியிருந்தது. 'அ' எங்கே, 'க' எங்கே என்று குழந்தைப் பிள்ளை மாதிரி இனிமேல் தேட வேண்டும். கல்யாணக் கார்ட் போனால் போகட்டும், கல்யாணம் முடிந்துவிட்டது. செத்தவர்களின் அறிவித்தலும் அப்படித்தான். அவளைப் பிடித்து வைத்திருந்தது மனுக்கள்.

மனு என்றால் காணாமற்போனவர்களுக்காக எழுதுவது. 2006 கடைசியிலிருந்து கொழும்புக்கு வேலைக்குப் போன தோட்டத்துப் பிள்ளைகளை, யுத்த காலமல்லவா, பொலிசும் ஆமியும் சுற்றிவளைப்பில் பிடித்தார்கள். சிலர் உள்ளே இருந்தார்கள். சிலர் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. வீட்டுக்காரர்கள் பொலிசுக்கும், மனித உரிமை ஒபிசுக்கும், செஞ்சிலுவைக்கும், எம்.பி.மாருக்கும் மனுக் கொடுத்துக்கொண்டேயிருந்தார்கள். ஒரு தரம் கொடுத்தால் போதாது. மாதத்துக்கொரு தரம் போக வேண்டும், போகும்போது புதுத் தேதி போட்ட தாள் வேண்டும். பழைய தேதியைக் கண்டால் வாங்க மாட்டார்கள். கொறற்றி மனுவைத் திறப்பாள், தேதியை மாற்றுவாள், 'ஐந்து மாதங்களாக' என்பதை 'ஆறு மாதங்களாக' ஆக்குவாள், நாலு பிரதி எடுத்துக் கொடுப்பாள். இரண்டு நிமிட வேலை. அதற்குக் காசு வாங்க மாட்டாள். அப்படிப் பதினொரு மனு அந்த மெக்கில் இருந்தது.

எல்லா மனுவும் ஒன்றிலிருந்து பிறந்தவை. அந்தோனியம்மா என்கிற எங்கள் கோயில் பங்குக்காரி தன் மகன் இராயப்பனுக்காக எழுதியதுதான் முதலாவது. தமிழைக் கொறற்றி அடித்தாள், ஆங்கிலப் பிரதியை நான் எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு யார் வந்தாலும் அதையே திறந்து, பெயர், வயது, விலாசம், பிடித்துப்போன நாள், இடம் எல்லாவற்றையும் அழித்து மாற்றி, வேறு பெயரில் சேர்த்து வைப்பது வழக்கம். ஞாயிறு மடலில் ஒரு ஒற்றுப் பிழைக்கு அவளோடு அரை மணி நேரம் சண்டை பிடிக்கிற நான், மனுக்களை ஒரு நாளும் வாசித்துப் பார்த்ததில்லை. இதை இங்கே எழுதவே வெட்கமாயிருக்கிறது.

வேலம்மாவை அந்த மாடியில் பல தடவை கண்டிருக்கிறேன். ரிவர்ஸ்டன் மலைக்குப் போகிற வழியில் மேலே ஒரு தோட்டம். கொழுந்து பறிக்கிறவள். சம்பளம் போட்ட பிறகு வரும் சனிக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்து வருவாள். டவுன் வெயிலிலும் சுவெட்டரைக் கழற்ற மாட்டாள். அவள் புருஷன் மருதமுத்து கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ரொட்டி போடுகிறவன். 2007 ஜனவரியில், தைப்பொங்கலுக்கு வீட்டுக்கு வரப் புறப்பட்டவனை, பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனதாகக் கூட வந்தவர்கள் சொன்னார்கள். முதல் தடவை பெப்ரவரியில் வந்தபோது அவளுக்குப் பேச வாய் வரவில்லை. கூட வந்த கொழுந்தன்தான் விபரம் சொன்னான். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்த வருடம் ஜூலையில் அந்தோனியம்மாவின் மகன் இராயப்பனை விட்டுவிட்டார்கள். அவள் கொக்கிஸும் முறுக்குமாகத் தூக்கிக்கொண்டு வந்து, அந்தோனியாருக்கு நன்றி நோட்டீஸ் அடித்துக்கொண்டு போனாள். கொறற்றிக்கு அன்று கால் தரையில் நிற்கவில்லை. ஒரு மனு பலித்துவிட்டதே! அக்டோபரில் வேலம்மாவுக்கும் ஒரு பதில் வந்தது. கொழும்பிலிருந்து சிங்களத்தில் நாலு வரி. கீழே மிளகுக் கடை முதலாளி வாசித்துச் சொன்னார்: தாங்கள் குறிப்பிட்ட அடையாள அட்டை இலக்கத்தையுடைய நபர் ஜூலை மாதம் விடுதலை செய்யப்பட்டுவிட்டார்.

வேலம்மா அந்தக் கடிதத்தை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு பதினைந்து நாள் மாத்தளை பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றாள். கொழும்புக்குப் போய்ச் சாப்பாட்டுக் கடை கடையாக ஏறி இறங்கினாள். ஆஸ்பத்திரிகளில் பார்த்தாள். ஆள் இல்லை. விட்டுவிட்டார்கள், ஆனால் வீட்டுக்கு வரவில்லை. அப்படியென்றால் என்ன அர்த்தம்? தோட்டத்து லயத்து வீடுகளில் அர்த்தம் சொல்ல ஆளா இல்லை? கொழுந்தனே சொன்னானாம், "அண்ணன் வேற எவளையோ பாத்துக்கிட்டு இருக்கும்" என்று. வேலம்மா அதையும் கேட்டுக்கொண்டு, மறுமாதமும் வந்து மனுவுக்குத் தேதி மாற்றிக்கொண்டு போனாள். அந்தக் கடிதத்தைப் பொலித்தீன் பையில் போட்டு எப்போதும் கூடவே வைத்திருந்தாள். புருஷன் உயிரோடிருக்கிறான் என்று சொன்ன ஒரே கடதாசி அதுதான். அவளை விட்டுவிட்டுப் போனான் என்று ஊர் சொல்வதற்குச் சாட்சியும் அதுதான்.

ஜூன் முதல் வாரத்தில் மெக்கின் திரை முழுதாக இருண்டது. ஒரு மணி நேரம் கழித்துத் தானாகவே வெளித்தது. கொறற்றி பெருமூச்சு விட்டாள்.

"ஸஹாப்தீனுக்குச் சொல்லிட்டேன் அண்ணே. மாத்துறேன்."

"ஒரு வழியா ஆச வந்திருச்சாக்கும்."

"ஆசையா? பழசோட சண்ட புடிக்க ஒடம்புல தெம்பில்ல. புதுசோட மல்லுக்கட்டவும் தெம்பில்ல. ரெண்டுல எது கொறைவா களைப்பு தரும்னு பாத்தேன். அவ்வளவுதான்."

புதிய பி.சி. வந்தது. மேசையில் மெக்கும் அதுவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. மெக் கண்ணை மூடுவதற்கு முன்னால் மனுக்களை எடுத்துவிட வேண்டும், மற்றது பிறகு என்று கொறற்றி சொல்லிவிட்டாள். ஸஹாப்தீன் விசைகளின் மேல் சின்னச் சின்னதாகத் தமிழ் எழுத்து ஒட்டிக் கொடுத்திருந்தார். அவள் ஒவ்வொரு மனுவாக மெக்கில் திறந்து, அதைப் பார்த்துப் புதியதில் அடித்தாள். ஒரு பக்கம் முடிய ஒன்றரை மணி நேரம். அடித்துக்கொண்டே, "என் விரல யாரோ களவெடுத்துட்டாங்க" என்பாள். ஒரு நாளைக்கு ஒன்றுதான் முடிந்தது.

இரண்டாம் வியாழக்கிழமை நான் மடலோடு போனபோது அவள் வேலம்மாவின் மனுவை அடித்துக்கொண்டிருந்தாள். நான் மற்றக் கதிரையில் உட்கார்ந்து நற்கருணை அறிவித்தலில் பிழை பார்த்துக்கொண்டிருந்தேன். விசைச் சத்தம் நின்றது. சரி, எழுத்துத் தேடுகிறாள் என்று நினைத்தேன். வெகுநேரம் வரவில்லை.

"அண்ணே, மருதமுத்துக்கு வயசு என்னா?"

"நீதானே மாசாமாசம் பாக்கிற? முப்பத்தஞ்சுன்னு போட்டிருக்கு."

"அப்பன்னா எழுபத்து மூணுல பொறந்தவன்."

"அதுக்கென்ன?"

"ஐடென்டி நம்பரு எண்பத்தொன்னுல தொடங்குது."

எங்கள் நாட்டு அடையாள அட்டையில் முதல் இரண்டு இலக்கமும் பிறந்த வருடம். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் எழுந்து போய்ப் பார்த்தேன். எண்பத்தொன்று என்றுதான் இருந்தது. கொறற்றி மெக்கில் இராயப்பனின் பழைய மனுவைத் திறந்தாள். ஒடுங்கிய திரையில் இரண்டு மனுவும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. பெயர் வேறு, வயது வேறு, தோட்டம் வேறு. நம்பர் ஒன்று. ஒன்பது இலக்கமும் அப்படியே.

அன்று கொழுந்தனுக்கு நம்பர் தெரியவில்லை. அட்டை மருதமுத்துவின் சட்டைப் பையோடு போய்விட்டது. பிறகு போடலாம் என்று கொறற்றி அந்த வரியைத் தாண்டிப் போயிருக்கிறாள். இராயப்பனின் நம்பர் அங்கேயே தங்கிவிட்டது. என்னுடைய ஆங்கிலப் பிரதியிலும் தங்கிவிட்டது. பதினாறு மாதம் தேதி மாறியது, மாதக் கணக்கு மாறியது, வயதுகூட மாறியது. அந்த ஒரு வரிக்கு யாருடைய கண்ணும் போகவில்லை. கொழும்புக்காரர்கள் சொன்னது பொய்யில்லை. அந்த நம்பர்காரனை விட்டுத்தானிருந்தார்கள். அவன் முறுக்குச் சாப்பிட்டுக்கொண்டு வீட்டில் இருந்தான்.

கொறற்றி மெக்கின் மேல் கையை வைத்தபடி இருந்தாள். "மாத்தாம இருந்திருந்தா சாகிற வரைக்கும் தெரிஞ்சிருக்காது" என்றாள்.

எனக்கு முதலில் வந்த புத்தியைச் சொல்லிவிடுகிறேன். "சத்தம் போடாம நம்பர திருத்திரு. அவளுக்கு வாசிக்கத் தெரியாது. சொன்னா, இருக்கிற ஒரு நம்பிக்கையும் போயிரும்" என்றேன். இரக்கத்தில் சொன்னதாகத்தான் அப்போது நினைத்தேன். இப்போது யோசித்தால் பயத்தில் சொன்னது என்று தெரிகிறது. அந்த ஆங்கிலப் பிரதி என் கையெழுத்தில் தொடங்கியது.

"நம்பர மட்டும் திருத்தலாம் அண்ணே" என்றாள் அவள். "அந்தக் கடதாசிய எப்படித் திருத்துறது? ஊரே அவன ஓடிப்போனவன்னு சொல்லுது. அந்தப் பேர வாங்கிக் குடுத்தது நான்."

சனிக்கிழமை நானும் போனேன். மடல் விஷயமாகப் போகவில்லை, அவளைத் தனியாக விட மனம் வரவில்லை. பத்து மணிக்கு வேலம்மா வந்தாள். மேசையில் புதியதைக் கண்டு, "புதுசு வாங்கிட்டீங்களா மிஸ், நல்லாருக்கு" என்று சிரித்தாள். கொறற்றி அவளை உட்காரச் சொன்னாள். பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தாள். பிறகு சுற்றி வளைக்காமல் சொன்னாள். நான் பிழை விட்டுவிட்டேன். நம்பர் அந்தோனியம்மாவின் மகன் இராயப்பனுடையது. விட்டுவிட்டோம் என்று வந்த பதில் அந்த ஆளைப் பற்றியது, உங்கள் ஆளைப் பற்றியதில்லை. சொல்லி முடித்து, "என்னய மன்னிச்சிருங்க வேலம்மா" என்றாள். பதினான்கு வருடத்தில் அவள் அழுது நான் கண்டது அன்றுதான்.

வேலம்மா தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். கீழே கடையில் மிளகுச் சாக்கு இறக்குகிற சத்தம் கேட்டது. சத்தம் போடுவாள், ஏசுவாள், எதையாவது தூக்கி எறிவாள் என்று நான் எதிர்பார்த்தேன். எறிந்திருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும்.

"அப்ப அவர விடலயா மிஸ்?"

"தெரியல. விட்டாங்கன்னு யாரும் சொல்லல."

"அப்ப அவரு என்னய விட்டுட்டு எங்கயும் போகல."

கொறற்றி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான்தான், "இல்லம்மா, போகல" என்றேன். அதைச் சொல்ல எனக்கு என்ன உரிமை என்று இன்றைக்கும் தெரியாது.

வேலம்மா குனிந்து சுவெட்டர் கையால் முகத்தை மூடிக்கொண்டாள். எட்டு மாதம் அடக்கி வைத்திருந்தது எல்லாம் வந்தது. முடிந்ததும் முகத்தைத் துடைத்து, பையிலிருந்து அந்தப் பொலித்தீனை எடுத்தாள். கடிதம் மடிப்பில் கிழிந்துபோயிருந்தது. அதை மேசையில் வைத்துத் தடவி நேராக்கிக் கொறற்றியின் பக்கம் தள்ளினாள்.

"இது அந்தத் தம்பியோடது. அவங்க அம்மாகிட்ட குடுத்துருங்க. பொலிசு திரும்பக் கேட்டா காட்ட ஒதவும்."

கொறற்றி அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு புதிய திரையில் மனுவைத் திறந்தாள். அந்த வரியை வெறுமையாக விட்டு வைத்திருந்தாள். தோட்டத்து ஒபிசில் நம்பர் இருக்கும், அடுத்த மாதம் எழுதி வாங்கிக்கொண்டு வரச் சொல்லலாம் என்று அவள் வாய் திறந்தபோது வேலம்மா குறுக்கிட்டாள்.

"எனக்குத் தெரியும் மிஸ். போன வருசமே கணக்கப்புள்ளகிட்ட கேட்டுப் பாடமாக்கி வச்சிருக்கேன். ஒபிசுல கேப்பாங்க, தடுமாறக் கூடாதுன்னு. எத்தன எடத்துக்குப் போனேன். கடதாசிய வாங்கிக்கிட்டு அந்தப் பக்கம் போங்கன்னுவாங்க. இந்த நாள் வரைக்கும் ஒருத்தரும் கேக்கல."

நாங்களும் கேட்கவில்லை.

கொறற்றி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். தமிழ் எழுத்தெல்லாம் இடம் மாறிப்போன அந்த விசைப்பலகையில் எண்கள் மட்டும் பழைய இடத்திலேயே இருந்தன. வேலம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, ஒபிசில் சொல்வதற்கென்று பழகி வைத்திருந்த குரலில், நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"ஏழு. மூணு. ரெண்டு. ஒன்னு. நாலு..."

கொறற்றி தேடாமல் அடித்தாள். ஒன்பதும் முடிந்ததும் வேலம்மாவிடம் திரும்பி, மாதக் கணக்கைப் பதினேழு என்று போடவா என்று கேட்டாள்.

"போடுங்க மிஸ்" என்றாள் வேலம்மா. "ஆனா அவருக்குன்னு போற மொத மனு இதுதான்."